கடையும் கந்தோரும்

சந்தை மனிதரைச் சேர்க்கும். சட்டம் சமமாக இருந்தால்தான் அந்தச் சேர்க்கை நிலைக்கும். யாழ்ப்பாணத் தீவகத்தின் வரலாறு சொல்லும் பாடம் இது.

நயினாதீவில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் பிறப்பித்த ஆணை அது. பிறநாட்டு வணிகர்கள் ஊர்காவற்றுறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னனின் இந்த ஆணை தமிழில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கடலில் தொழில் செய்தவர்களுக்கு விளங்கும் மொழியில் அரசு பேசியது.

எண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1956இல், கொழும்பு நாடாளுமன்றம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழி ஆக்கிய தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியது.

தெற்கில் பிழைப்பு

தீவகத்தில் நல்ல தண்ணீர் குறைவு, மண்ணும் மெல்லியது. பனை, புகையிலை, மீன்பிடி ஆகிய மூன்றையும் நம்பி எல்லாக் குடும்பமும் பிழைக்க முடியாது. அதனால் புங்குடுதீவு, வேலணை, நெடுந்தீவு, காரைநகர் இளைஞர்கள் தெற்கே போனார்கள். கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, கணக்கெழுதப் பழகி, கடைசியில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடையோ பலசரக்குக் கடையோ போட்டார்கள். சிங்களம் அவர்களுக்கு வாடிக்கையாளரோடு பேசிப் பேசியே வந்தது. எந்தச் சட்டமும் அதைக் கற்பிக்கவில்லை. சிங்களக் கிராமத்துக்காரர் அவர்களிடம் கடனுக்கு அரிசி வாங்கினார். அங்கே உழைத்த காசு ஊரில் கல்வீடாகவும் பள்ளிக்கூடமாகவும் கோயில் திருப்பணியாகவும் மாறியது. பொருளாதார ஒருங்கிணைப்பு என்று இன்று அறிக்கைகளில் எழுதப்படுவதை அந்தக் கடைக்காரர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்து காட்டினார்கள்.

ஆனால் அந்த உறவுக்குச் சட்டத்தின் காவல் இருக்கவில்லை. 1958, 1977, 1983 ஆகிய மூன்று கலவரங்களிலும் தெற்கிலிருந்த தமிழர் கடைகள் கொள்ளையிடப்பட்டன, எரிக்கப்பட்டன. அயலவர் பலர் தமிழரை வீட்டுக்குள் ஒளித்துக் காப்பாற்றினார்கள். அந்த நன்றியை மறக்கக்கூடாது. ஆனால் அயலவரின் நல்ல மனம் உயிரைக் காக்கும்; கடையை, காணி உறுதியை, வாழும் உரிமையைக் காப்பது அரசின் கடமை. அந்தக் கடமையை அரசு செய்யவில்லை.

மூடிய கதவுகள்

கந்தோரின் கதையும் அப்படியே. மொழிச் சட்டத்துக்குப் பிறகு தமிழ் அரச ஊழியர்கள் சம்பள உயர்வுக்கே சிங்களத் தேர்ச்சி காட்ட வேண்டியிருந்தது. கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் அதை எதிர்த்து வழக்காடினார். அந்த வழக்கு 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. 1970களின் தொடக்கத்தில், தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளிகள் கேட்டு வந்த பல்கலைக்கழகத் தரப்படுத்தல் அடுத்த கதவையும் ஒடுக்கியது.

பிறகு போர் தீவுகளுக்கே வந்தது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கடற்படையினர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 1990இல் இராணுவம் தீவகத்துக்குள் வந்தபோது ஊர் ஊராகச் சனம் வெளியேறியது. பூட்டிய கல்வீடுகளின் சொந்தக்காரர் பலர் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள்.

இஸ்ரேல் காட்டும் கண்ணாடி

சந்தையில் சேர்ந்தும் சட்டத்தில் சமமில்லாத நிலையை இன்னொரு நாட்டிலும் பார்க்கலாம். இஸ்ரேலியக் குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அரபியர். 1966 வரை அவர்கள் இராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தார்கள். இன்று அந்நாட்டு மருத்துவமனைகளிலும் மருந்துக் கடைகளிலும் அரபிய மருத்துவரும் மருந்தாளரும் பெருந்தொகை. 2015 டிசம்பரில் அரபிய ஊர்களின் வளர்ச்சிக்கென ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை அரசு ஏற்றது. ஆனால் 2018இல் வந்த தேசிய அரசுச் சட்டம் அரபு மொழியை ஆட்சிமொழி நிலையிலிருந்து இறக்கி, வெறும் 'சிறப்பு நிலை' கொடுத்தது. ஒரு கையால் வரவுசெலவுத் திட்டத்தில் பங்கு. மறு கையால் நாட்டில் பங்கு குறைப்பு. வேலை கிடைத்தவரும் தன்னை இரண்டாந்தரக் குடிமகனாக உணர்வதற்கு இதுவே போதும்.

இன்றைய நயினாதீவு

இலங்கை அரசியலமைப்புக்கு 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகம் தமிழில் நடக்கும் என்றது. பிற பகுதிகளிலும் அரசோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை தந்தது. தாளில் குறை அதிகமில்லை. தமிழர் கொடுத்த முறைப்பாடு பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதப்படும்போது, கொழும்புத் திணைக்களத்திலிருந்து தமிழ்க் குடும்பத்துக்குச் சிங்களக் கடிதம் வரும்போதுதான் குறை தெரிகிறது.

மறுபக்கம், தெற்கிலிருந்து சிங்கள யாத்திரிகர்கள் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வருகிறார்கள். அங்கிருந்து படகில் நயினாதீவுக்குப் போய், புத்தர் வந்து நாக அரசர் இருவரின் சண்டையைத் தீர்த்த இடம் என்று அவர்கள் நம்பும் நாகவிகாரையைக் கும்பிடுகிறார்கள். பலர் அதே தீவிலுள்ள நாகபூஷணி அம்மனையும் கும்பிட்டே திரும்புகிறார்கள். இது நல்ல தொடக்கம். அந்த வருகையால் படகு ஓட்டுபவருக்கும் பனங்கட்டி விற்கும் பெண்ணுக்கும் வருமானம் வர வேண்டும்; இறங்குதுறையும் படகுச் சேவையும் எப்படி நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் தீவக மக்களுக்குக் குரல் வேண்டும். இல்லையென்றால் யாத்திரிகர் வந்து போவார்கள், தீவகத்தின் வறுமை அப்படியே இருக்கும்.

எங்கள் கடன்

சட்டம் சமமாக இருக்க வேண்டும் என்ற இந்த அளவுகோலைத் தமிழராகிய எங்கள் மீதும் வைக்க வேண்டும். வடக்கில் தமிழர் பெரும்பான்மை, முஸ்லிம்கள் சிறுபான்மை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம். கடையும் வீடும் விட்டு, புத்தளத்தில் அகதியானார்கள். தெற்கில் எங்கள் கடைகள் எரிந்தபோது நாங்கள் கேட்ட நீதி அவர்களுக்கும் உரியது. திரும்பி வருபவருக்குக் காணியும் வீடும் பள்ளிக்கூடத்தில் இடமும் தருவதில் தமிழ் அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் முன்னுக்கு நிற்க வேண்டும்.

கொழும்பிடம் கேட்கும் உரிமையை யாழ்ப்பாணத்தில் கொடுக்காத சமூகத்தின் குரல் வலுவிழக்கும். கொடுத்தால், தமிழில் முறைப்பாடு எழுதும் பொலிஸ், தமிழில் பதில் எழுதும் திணைக்களம், தெற்கில் அச்சமின்றி நடத்தும் கடை என்ற எங்கள் கோரிக்கைகளை எவரும் தட்டிக்கழிக்க முடியாது.