பாறைக்கரையில் முக்குளிப்போருக்கு எந்தக் காலணி?
காலணி வியாபாரிகளின் கவனத்துக்கு

கடலோர ஊர்களில் காலணிக் கடை நடத்தும் நம் உறுப்பினர்களிடம் இப்போது ஒரு புது வகை வாடிக்கையாளர் வருகிறார். "தண்ணிக்குள்ள போட்டுக்கிட்டுப் போற மாதிரி ஷூ இருக்கா?" என்று கேட்கிறார். மழைக்காலத்துக்கு வாங்கி மிச்சமான பிளாஸ்டிக் சாண்டலையோ கேன்வாஸ் ஷூவையோ எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. காலை நனைக்கப் போகிறவருக்கு அது போதும். காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஸ்கூபா முக்குளிப்புக்குப் போகிறவருக்கு அதை விற்பது சரியல்ல என்பது நமது கருத்து.

படகிலிருந்து கடலில் இறங்குகிறவர் வெறுங்காலில்கூடப் போய்விடலாம். கன்னியாகுமரி, முட்டம், விழிஞ்ஞம் போன்ற பாறைக் கரைகளில் அப்படி முடியாது. அலை வந்து போகும் இடமெல்லாம் பாசி. அதற்குக் கீழே பாறையை மூடிக் கிடக்கும் சிப்பி, கத்தி விளிம்புள்ள கொட்டலசு, இடுக்குகளில் கடல் முள்ளெலி. இந்தப் பகுதியில் சிப்பி எடுக்கும் தொழிலாளர்கள் இளமை முதல் பழகிய கால்களால் சமாளிக்கிறார்கள். வார விடுமுறைக்கு வரும் நகரத்துக் கால்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சுமையும் சாதாரணமல்ல. பரவலாகப் பயன்படும் அலுமினியச் சிலிண்டர் காலியாகவே ஏறக்குறைய 14 கிலோ. அதில் அடைத்த காற்று, மிதவைச் சட்டை, இடுப்பு ஈயம் எல்லாம் சேர்ந்தால் 25 கிலோவைத் தொடும். ஒரு சிப்பம் அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு பாசிப் பாறையில் இறங்குவதாக எண்ணிப் பாருங்கள். அந்த நேரத்தில் வழுக்கினால் மணிக்கட்டோ முழங்காலோ தப்பாது.

ஆகவே வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையோ நிறமோ அல்ல. "எங்கே இறங்குகிறீர்கள்? கால் துடுப்பு எந்த வகை?" இந்த இரண்டும்தான்.

ஃபின் எனப்படும் கால் துடுப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஷூ போலக் குதிகாலையும் மூடுவது. அது வெறுங்காலுக்கு உரியது. அதற்குள் பூட்ஸ் நுழையாது. மற்றது குதிகால் திறந்து பின்னால் வார் உள்ளது. பாறைக்கரைக்கு இதுவே ஏற்றது. பாறையைக் கடக்கும்வரை பூட்ஸோடு நடந்து, தண்ணீரில் நின்று துடுப்பை மாட்டிக்கொள்ளலாம். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பாறைக்குத் தடித்த, ஆழமான வரி போட்ட சோல் வேண்டும். சோல் தடிக்கத் தடிக்கத் துடுப்பின் வாய்க்குள் நுழையாது. பூட்ஸை மட்டும் போட்டுப் பார்த்து வாங்கிப் போனவர் மறுநாளே திருப்பிக்கொண்டு வருவார். துடுப்பைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். இன்னும் வாங்கவில்லையென்றால் பூட்ஸை முதலில் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு துடுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

சரக்கைக் கொள்முதல் செய்யும்போது சோலை விரலால் அழுத்திப் பாருங்கள். நியோப்ரீன் துணியின் அடியில் மெல்லிய ரப்பர் தாள் ஒட்டிய மலிவுச் சரக்கில் கூர்ங்கல் உள்ளங்காலில் உறைக்கும். வார்த்தெடுத்த கெட்டி ரப்பர் சோல், விரல் நுனியும் குதிகாலும் ரப்பரால் ஏறி மூடியிருப்பது, கணுக்கால் எலும்பை மறைக்கும் உயரம், பிளாஸ்டிக் பல் உள்ள ஜிப், அதன் உட்புறம் ஒரு மடிப்பு, துடுப்பின் வார் நழுவாமல் நிற்கக் குதிகாலில் ஒரு மேடு ஆகியவை நல்ல சரக்கின் அடையாளங்கள். உலோக ஜிப் உப்புத் தண்ணீரில் இறுகிவிடும். பாலியூரித்தேன் சோல் வேண்டவே வேண்டாம். காற்றின் ஈரத்தாலேயே பெட்டிக்குள் இருந்தபடி பொடிந்து போன ஷூக்களைப் பார்க்காத கடைக்காரர் நம்மில் யார்?

நியோப்ரீன் என்பது 1930இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை ரப்பர். முக்குளிப்பு உடைகளில் வருவது அதன் நுரை வடிவம். குளிர்நாடுகளில் 5, 7 மில்லிமீட்டர் தடிப்பு தேவைப்படும். நம் கடலுக்கு 3 மில்லிமீட்டரே போதும். தடித்த ரகத்தை உயர்ந்த ரகம் என்று சொல்லி விற்கும் மொத்த வியாபாரியிடம் ஏமாற வேண்டாம். தடிப்பு குளிருக்குத்தான், பாறையைத் தாங்குவது சோல்.

அளவு விஷயத்தில் அதிகக் கவனம் தேவை. பிரிட்டிஷ் 8 என்பது ஐரோப்பிய 42, அமெரிக்க ஆண்கள் அளவில் 9. மூன்றும் கலந்து வரும் சரக்கில் பாதத்தைச் சென்டிமீட்டரில் அளப்பதே பத்திரம். விரல்கள் மடங்காமல், குதிகால் தூக்காமல், கையுறை போல ஒட்டி இருக்க வேண்டும். தொளதொளவென்றிருந்தால் உள்ளே மணல் புகுந்து தோல் உரியும். "கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்" என்று பள்ளி ஷூவுக்குச் சொல்வதை இங்கே சொல்லக் கூடாது.

விற்கும்போது மிகைப்படுத்தியும் பேச வேண்டாம். முள்ளெலியின் முள் பூட்ஸின் பக்கவாட்டைத் துளைக்கும். ஈரப் பாசியில் முழுதாகப் பிடிக்கும் சோல் உலகத்தில் இல்லை. இதைச் சொல்லியே விற்கலாம். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தும்படியும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

வரி பற்றி: 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி ரூ. 2,500 வரையுள்ள காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். விலை இந்த எல்லையை ஒட்டி வரும் ரகங்களுக்கு விலைச்சீட்டு எழுதுமுன் கணக்குப் பார்த்துக்கொள்ளவும்.

முதல் கொள்முதலில் 6 முதல் 10 வரை அளவுக்கு இரண்டு ஜோடி எடுத்தால் போதும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நசுக்காமல், வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வைக்கவும். நசுங்கிய நுரை மீண்டும் எழும்பாது.