பழம் மிஞ்சினால்: போத்தலில் அடைக்கும் முன்

பழப் பருவம் வந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பழத்துக்குப் பஞ்சமில்லை. தாமான் வீட்டு வாசலில் நிற்கும் மாமரம் ஒரே வாரத்தில் கூடை கூடையாகக் கொட்டும். பாசார் மாலாமில் கடை கட்டும் நேரத்தில் கனிந்த அன்னாசியும் பப்பாளியும் மலிவாகக் கிடைக்கும். அத்தனையையும் அழுகவிட மனம் வருமா? ஜாம் கிண்டுகிறோம், ஊறுகாய் போடுகிறோம், சட்னி செய்து பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கிறோம். இந்தப் பழக்கம் நம்மைவிட்டுப் போகக் கூடாது என்பதே என் ஆசை. ஆனால் இனிப்பு நீரை மறந்துவிட்டு நம் வீடுகளில் ஜாமைப் பற்றிப் பேச முடியாது.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டின் சராசரி 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியது ஆறுதலான செய்தி. அதற்காக நாம் அலட்சியமாக இருந்துவிட முடியாது.

சீனி செய்யும் வேலை

ஜாமில் சீனி இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. பழத்திலுள்ள நீரை அது தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதால், கிருமிகள் பெருகுவதற்குத் தேவையான நீர் கிடைப்பதில்லை. கிண்டி இறக்கிய ஜாமின் எடையில் 60 முதல் 65 விழுக்காடு சீனி இருந்தால்தான் அது அலமாரியில் நாள்பட நிற்கும். பழத்தின் பெக்டினும் எலுமிச்சையின் புளிப்பும் கூடி ஜாம் இறுகுவதற்கும் அந்தச் சீனி வேண்டும்.

கணக்குப் பார்த்தால், 20 கிராம் கொண்ட ஒரு மேசைக்கரண்டி ஜாமில் ஏறக்குறைய 13 கிராம் சீனி. உணவில் தனியாகச் சேரும் சீனியை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. காலையில் இரண்டு ரொட்டித் துண்டில் கரண்டிக்கரண்டியாகத் தடவினாலே அந்த அளவு முடிந்துவிடும். தே தாரிக்கின் சீனி அதற்கு மேல்.

சீனிக்குப் பதில் குலா மெலாக்காவோ வெல்லமோ தேனோ சேர்த்தால் இனிப்பு நீர்க்காரர் தாராளமாகச் சாப்பிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. இரத்தத்தில் அவையும் சர்க்கரையைத்தான் ஏற்றும். கொய்யா ஜெல்லிக்குச் சாற்றை மட்டும் வடித்தெடுப்பதால் நார்ச்சத்தும் துணியிலேயே தங்கிவிடுகிறது.

குறைத்தால் குளிர்பதனப் பெட்டிதான்

"சீனியைப் பாதியாக்கிவிட்டேன்" என்று சொல்பவர்களைப் பாராட்டத் தோன்றும். அந்தப் போத்தலை எங்கே வைத்தீர்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். சீனி குறைந்த ஜாம் நம் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அடுப்படி அலமாரியில் தாங்காது. அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மீதியை உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். இனிப்பு நீர் உள்ள வீட்டுக்கு என் யோசனை இன்னும் எளிது: மிஞ்சிய பழத்தில் பெரும்பகுதியை வெட்டி அப்படியே உறையவையுங்கள். ஜாமுக்கு ஒரே ஒரு பழம் போதும்.

அன்னாசி கிண்டும்போது

தீபாவளிக்கு அன்னாசி தார்ட் செய்பவர்களுக்கு இது கைவந்த வேலை. தோலும் கண்ணும் நீக்கிய ஒரு கிலோ அன்னாசிக்கு வழக்கமாக முக்கால் கிலோ சீனி போடுவோம். குளிர்பதனப் பெட்டிக்கான ஜாமுக்குக் கால் கிலோ போதும். இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறும், ஒரு துண்டு பட்டையும், இரண்டு கிராம்பும் சேருங்கள். அன்னாசியில் பெக்டின் குறைவு என்பதால், அரைப்பழமான ஒரு கொய்யாவைத் துருவிச் சேர்த்தால் நன்றாக இறுகும். அலுமினியச் சட்டி வேண்டாம். புளிப்பு அதை அரிக்கும்.

முதலில் நுரைத்து வேகவேகமாகக் கொதிக்கும். நீர் சுண்டச் சுண்டக் குமிழிகள் பெரிதாகி, "பொதக் பொதக்" என்று மெதுவாக வெடிக்கும். கையில் தெறித்தால் கொப்புளம் போட்டுவிடும், அதனால் நீளமான அகப்பை வேண்டும். உறைபெட்டியில் குளிரவைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கிவிடலாம். பத்து நிமிடம் கொதிநீரில் கிடந்த கண்ணாடிப் போத்தலில், ஜாம் சூடாக இருக்கும்போதே நிரப்பி மூடுங்கள். பிறகு ஈரக்கரண்டி அதில் படக் கூடாது.

பூசணம் பிடித்துவிட்டால் மேலாக வழித்தெறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடாதீர்கள். அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும், நஞ்சும் பரவியிருக்கலாம். போத்தலோடு கொட்டிவிடுங்கள்.

பப்பாளி, பூண்டு: கூடுதல் கவனம்

அன்னாசியைப் போலப் பப்பாளியில் புளிப்பு இல்லை. புளிப்புக் குறைந்த உணவைக் காற்றுப் புகாமல் அடைத்து வெளியே வைத்தால் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி அதில் வளர முடியும். சாதாரணக் கொதிநிலையில் அதன் வித்துகள் சாவதில்லை. மணத்தாலோ ருசியாலோ அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பவும் முடியாது. ஆகவே சீனி குறைத்த பப்பாளி ஜாம், வாழைப்பழ ஜாம் இரண்டையும் எலுமிச்சை தாராளமாகப் பிழிந்தாலும் வெளியே வைக்காதீர்கள். எண்ணெயில் ஊறும் பூண்டுக்கும் இதே எச்சரிக்கைதான். 1985இல் கனடாவின் வான்கூவரில் உணவகம் ஒன்றில் பரிமாறப்பட்ட எண்ணெய்ப் பூண்டால் பலர் இந்த நஞ்சுக்கு ஆளானார்கள். பூண்டு போட்ட மாங்காய்ச் சட்னியில் புளியோ காடியோ குறையக் கூடாது. அதன் இடமும் குளிர்பதனப் பெட்டியே.

ஊறுகாயின் உப்பு

மாங்காய் ஊறுகாயைக் காப்பது உப்பு. நூறு கிராமில் 12 கிராம் உப்பு இருக்கும் ஊறுகாயை ஒரு மேசைக்கரண்டி தொட்டுக்கொண்டால் கிட்டத்தட்ட 1.8 கிராம் உப்பு உள்ளே போகிறது. நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. இரத்த அழுத்தக்காரர் தட்டில் தேக்கரண்டி முனையளவு போதும்.

சிறுநீரக நோயாளிக்கு பெலிம்பிங் கூடாது

இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நம் நாட்டில் 50,000க்கு மேற்பட்டவர்கள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். சிறுநீரகம் பழுதாவதற்கு முதல் காரணம் நீரிழிவு. அவர்களுக்கு நட்சத்திர வடிவப் பெலிம்பிங் நஞ்சாகலாம். அதிலுள்ள காரம்பாக்சின் என்னும் நரம்பு நஞ்சை 2013இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். ஆரோக்கியமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதானது வெளியேற்றாது.

ஊறுகாய்க்குப் போடும் பெலிம்பிங் பூலோவிலும் ஆக்சலேட் மிகுதி. கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி அதன் சாற்றைக் குடித்த பத்துப் பேருக்குத் திடீரெனச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைக் கேரள மருத்துவர்கள் அதே 2013இல் பதிவு செய்தார்கள்.

கலவைப் பழ ஜாம், சட்னி கொடுக்கும்போது என்னென்ன பழம் என்பதையும் செய்த தேதியையும் மூடியில் எழுதி ஒட்டுங்கள். சிறுநீரக நோயுள்ள ஒருவர் தெரியாமல் பெலிம்பிங் சாப்பிட்டுவிட்டு, நிற்காத விக்கலோ வாந்தியோ குழப்பமான பேச்சோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், சாப்பிட்ட பழத்தின் பெயரை முதலில் சொல்லுங்கள்; காலம் தாழ்த்தாமல் டயாலிசிஸ் செய்தால் காப்பாற்றக்கூடிய நிலை அது.