விதையும் கோப்பும்: காப்புப் பிரதியும் மீட்பும்

ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இக்ரிசாட் என்னும் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில், சோளம், கம்பு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை முதலிய பயிர்களின் விதை மாதிரிகள் 1,20,000-க்கு மேல் குளிரறைகளில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் பெரும்பகுதிக்கு மற்றொரு தொகுதியும் உண்டு. அது நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், 2008-இல் திறக்கப்பட்ட உலக விதைக் கிடங்கில் வைக்கப்பட்டிருக்கிறது. இந்த ஏற்பாட்டின் பயன் 2015-இல் வெளிப்பட்டது. சிரியாவின் உள்நாட்டுப் போரினால் அலெப்போவில் இருந்த விதை வங்கியைப் பயன்படுத்த இயலாமற்போகவே, இக்கார்டா நிலையத்தார் தாம் ஸ்வால்பார்டில் ஒப்படைத்திருந்த விதைகளைத் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் பயிரிட்டுப் பெருக்கினர். 2017-இல் ஒரு பகுதியை மீண்டும் கிடங்கில் சேர்த்தனர்.

விதைக்குப் பொருந்தும் இவ்விதி, கணினியில் எழுதப்படும் கோப்புகளுக்கும் பொருந்தும். வட்டார விரிவாக்க அலுவலரின் மண் பரிசோதனைக் குறிப்புகள், மழையளவுப் பதிவுகள், பள்ளியின் மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவை இன்று பெரும்பாலும் கிளவுட் எனப்படும் தொலைச் சேமிப்பிலேயே வைக்கப்படுகின்றன. ஆங்கு வைத்தவை ஒருபோதும் அழியா என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இது எவ்வளவு தூரம் சரி என்பதை ஆராய்தல் அவசியம்.

கிளவுட் என்பது யாது?

பெயரில் மேகம் இருப்பினும், கோப்புகள் தங்குவது தரையில் கட்டப்பட்ட தரவு மையங்களிலேயாகும். தேசியத் தகவலியல் மையத்தின் தேசியத் தரவு மையங்கள் டில்லி, புனே, ஹைதராபாத், புவனேசுவரம் ஆகிய நகரங்களில் உள்ளன. அமேசான் நிறுவனம் 2016-இல் மும்பையிலும், 2022 நவம்பரில் ஹைதராபாத்திலும் தன் கிளவுட் மண்டலங்களைத் தொடங்கியது. ஹைதராபாத் மண்டலத்தில் ஒன்றுக்கொன்று தொலைவில், தனித்தனி மின்வசதியுடன் மூன்று பிரிவுகள் இயங்குகின்றன. பொதுவான சேமிப்பு முறையில் ஒரு கோப்பு இவை மூன்றிலும் பதிவாகிறது. ஒரு கட்டடம் தீப்பற்றினாலும் கோப்பு பிழைக்கும்.

தக்காணப் பீடபூமியின் உறுதியான பாறை மீது, கடலுக்குத் தொலைவில் ஹைதராபாத் அமைந்திருப்பது இம்மையங்களுக்கு அனுகூலமே. எனினும் எந்த நகரமும் ஆபத்துக்கு முற்றிலும் அப்பாற்பட்டதன்று. 1908 செப்டம்பர் 28-இல் மூசி நதி பெருகி ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட பின்னரே உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் அங்குக் கட்டப்பட்டன. ஆதலின் மிக முக்கியமான கோப்புகளின் பிரதி மும்பை போன்ற வேறொரு மண்டலத்திலும் இருத்தல் நலம்.

தேஜோன் தரும் பாடம்

2025 செப்டம்பர் 26-இல் தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில், லித்தியம் மின்கலங்களை இடமாற்றும் பணியின்போது தீ மூண்டது. 600-க்கு மேற்பட்ட அரசுக் கணினி அமைப்புகள் நின்றுபோயின. அவற்றுள் பலவற்றிற்கு வேறிடத்தில் பிரதி இருந்தது. அரசு ஊழியர்களின் பணிக்கோப்புகளைத் தாங்கிய ‘ஜி-டிரைவ்’ என்னும் சேமிப்புக்கு மட்டும் வெளியிடப் பிரதி இல்லை; அதன் அளவு மிகப் பெரிது என்பதே கூறப்பட்ட காரணம். 858 டெராபைட் கோப்புகள் எரிந்தொழிந்தன. தங்கள் மேசைக் கணினியில் வைக்காமல் அதிலேயே கோப்புகளைச் சேமிக்கும்படி ஊழியர்கள் அறிவுறுத்தப்பட்டிருந்தமையால் இழப்பு பெரிதாயிற்று.

இதற்கு மாறான நிகழ்ச்சி 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவில் நேர்ந்தது. யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் கிளவுட் அமைப்பு, ஓர் அமைப்புப் பிழையினால் தானாகவே நீக்கப்பட்டுவிட்டது. வேறொரு நிறுவனத்திடமும் பிரதி வைத்திருந்ததால் நிதியம் மீண்டது.

ஒத்திசைவு காப்பு ஆகாது

தீ, வெள்ளம் ஆகியவற்றைவிட அடிக்கடி நேர்வது மனிதத் தவறு. கணினிக்கும் கிளவுடுக்கும் இடையே கோப்புகளை எப்போதும் ஒன்றுபோல் வைக்கும் ஒத்திசைவு முறையில், இங்கு அழித்தது அங்கும் அழியும். தீய நிரல் இங்குக் கெடுத்தது அங்கும் கெடும். மூன்று கட்டடங்களில் பதிந்திருந்தாலும், அழிக்கும் ஆணை மூன்றுக்கும் சென்றுவிடும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் இட்ட கோப்பு 30 நாட்களுக்குப்பின் நிரந்தரமாக நீக்கப்படுகிறது. ஆகவே கோப்பின் பழைய நிலைகளைக் காத்துவைக்கும் பதிப்பு வசதியை இயக்கிவைத்தலும், ஒத்திசைவில் சேராத தனிப் பிரதி ஒன்று வைத்தலும் இன்றியமையாதவை.

செய்ய வேண்டுவன

முதற்கண் இரு வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். எத்தனை நாள் உழைப்பு போனால் பொறுக்கலாம்? எவ்வளவு நேரத்துக்குள் கோப்புகள் திரும்பக் கிடைக்க வேண்டும்? வருகைப் பதிவேட்டின் ஒரு நாள் பதிவை நினைவிலிருந்து எழுதிவிடலாம். அறுவடையான வயலில் எடுத்த அளவுகளை மறுபடி எடுக்க முடியாது. முதல் வினாவின் விடையே பிரதி எடுக்கும் இடைவெளியைத் தீர்மானிக்கும்.

அடுத்து, நிபுணர்கள் வகுத்த ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்னும் விதி: மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேற்றிடத்தில். ஒரு பள்ளிக்கு, அலுவலகக் கணினி, வெளி வன்வட்டு, கிளவுட் ஆகிய மூன்றும் போதும். பிரதி எடுத்தவுடன் வன்வட்டைக் கணினியிலிருந்து கழற்றிப் பூட்டிவைக்க வேண்டும். இணைந்திருக்கும் வட்டைத் தீய நிரல் விட்டுவைப்பதில்லை. கடவுச்சொல்லைப் பொறுப்பான இருவர் அறிந்திருத்தல் நன்று. ஒருவர் மாற்றலாகிச் சென்றால் பிரதி பூட்டிய பெட்டியாகிவிடும்.

மீட்புக்கு ஆகும் காலத்தையும் கணக்கிடல் வேண்டும். விநாடிக்கு 20 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் ஒரு டெராபைட்டைத் திரும்பப் பெற, இடையறாது இயங்கினாலும் நான்கரை நாட்களுக்கு மேலாகும். அண்மையிலுள்ள வன்வட்டு இங்கேதான் கைகொடுக்கிறது.

இறுதியாக, மீட்டுப் பார்க்கப்படாத பிரதியை நம்புதல் தகாது. விதை வங்கிகளில் மாதிரிகளை அவ்வப்போது முளைக்கவைத்து உயிர்த்தன்மையைச் சோதிக்கின்றனர். அவ்வாறே மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சில கோப்புகளைப் பிரதியிலிருந்து வேறொரு கணினியில் மீட்டு, திறந்து, மூலத்தோடு ஒப்பிட்டு, தேதியுடன் குறித்துவைத்தல் வேண்டும். மாணவர்களைக் கொண்டே இச்சோதனையை வகுப்பில் செய்து காட்டலாம். முளைக்கும் என்று அறிந்த விதையே அடுத்த பருவத்துக்கு உதவும்.