மூன்றாவது கோணத்தையும் அளந்தவர்கள்

முக்கோணத்தில் இரண்டு கோணங்கள் தெரிந்தால், அவற்றைக் கூட்டி 180 பாகையிலிருந்து கழித்து மூன்றாவதைச் சொல்லிவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன், கழித்துக் கண்டுபிடிக்கக்கூடிய அந்த மூன்றாவது கோணத்தையும் முடிந்த இடங்களிலெல்லாம் மலையேறிப் போய் அளந்தார்.

1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. முதலில் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார்கள். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் நிழலுக்குக் கூடாரம் போட்டு, வெப்பநிலையையும் குறித்துக்கொண்டே அளந்ததில் 57 நாள் ஆயிற்று. அதன்பின் பெரும்பாலும் கோணங்களை அளந்தாலே போதும். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களின் நீளம் கணக்கில் கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்த பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு.

கோணம் அளந்த கருவியின் பெயர் தியோடலைட். லண்டனில் வில்லியம் கேரி செய்தது. எடை ஏறத்தாழ அரை டன். மூன்றடி விட்டமுள்ள வட்டத்தில் பாகைகளை நுணுக்கமாகக் கீறியிருப்பார்கள். அதன்மேல் தொலைநோக்கி சுழலும். தொலைவில் ஒரு குன்றிலுள்ள கொடியைப் பார்த்து வட்டத்தின் அளவைப் படிக்க வேண்டும். பிறகு வேறொரு குன்றின் கொடிக்குத் திருப்பிப் படிக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கோணம். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வட்டம் நெளிந்தது. லாம்டன் தன் கையாலேயே பல வாரம் தட்டிச் சீராக்கினார்.

இவ்வளவு பாடுபட்டு மூன்றாவதையும் ஏன் அளக்க வேண்டும்? கழித்து எடுத்த கோணம் எப்போதும் 180-க்குப் பொருந்தும்; முதல் இரண்டில் பிழை இருந்தாலும் வெளியே காட்டாது. மூன்றையும் தனித்தனியே அளந்து கூட்டினால்தான் பிழை பிடிபடும். பெரிய முக்கோணங்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. பூமி வளைந்திருப்பதால் கூட்டுத்தொகை 180-ஐச் சற்றே தாண்டும்: பரப்பு 200 சதுர கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு. அதையும் கணக்கில் சேர்த்தார்கள்.

பலகோணங்களுக்கும் முக்கோணமே அடிப்படை. ஒரு முனையிலிருந்து மற்ற முனைகளுக்குக் கோடு இழுத்தால் நாற்கோணம் இரண்டு முக்கோணங்களாகும், ஐங்கோணம் மூன்றாகும். ஆகவே கோணங்களின் கூட்டுத்தொகை முறையே 360, 540. பக்க எண்ணிக்கையில் இரண்டைக் கழித்து 180-ஆல் பெருக்கினால் எந்தப் பலகோணத்துக்கும் விடை வரும். ஒரு கோணம் மட்டும் தெரியவில்லை என்றால் மற்றவற்றை அதிலிருந்து கழித்தால் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் பிள்ளைகளின் கையில் பாகைமானியைக் கொடுத்து, கண்டுபிடித்த கோணத்தை ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.