அடங்காமை என்று எழுதப்படும் குறைபாடு

கொம்பும் காலும்

'கொ' என்று எழுதுகையில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க, ஒலியிலோ மெய் முந்தி உயிர் பிந்துவதால், கண்ணின் வரிசையும் காதின் வரிசையும் இங்கே பிணங்குகின்றன. அறிவுத்திறன் இயல்பாக இருந்தும் எழுத்தை ஒலியோடு இணைப்பதில் மூளை இடர்ப்படும் நிலையான டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு இது பெருஞ்சுமையாகலாம். வாய்விட்டு வாசிக்கும் முறை நெருங்கும்போதெல்லாம் அக்குழந்தை தண்ணீர் குடிக்க எழுவதும் பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுவதும் அவமானத்துக்கு அஞ்சியே நிகழக்கூடும். ஆனால் பெற்றோர் காதுக்கு வருவது 'அடங்கமாட்டேன் என்கிறான்' என்ற புகார் மட்டுமே.

கவனத்தையும் உந்துதலையும் கட்டுப்படுத்துவதில் மூளை வளர்ச்சி வேறுபடும் ஏ.டி.எச்.டி., பள்ளி மணியோசையே தாங்கவொண்ணாத வலியாகக்கூடிய ஆட்டிசம் ஆகியவையும் இவ்வாறே குறும்பு என்றும் பிடிவாதம் என்றும் பெயர் பெறுகின்றன. ஓடியாடாமல் கனவில் ஆழ்ந்திருக்கும் ஏ.டி.எச்.டி. சிறுமியோ எவர் கண்ணிலும் படுவதில்லை.

தறிக்கு அனுப்பும் முன்

இப்படிப் படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு பழைய விடை இருந்தது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இணையும் கோர்வைச் சேலைக்கு, நெய்பவருக்குத் துணையாகக் கரைநாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டியிருந்தமையால், ஒரு காலத்தில் அவ்வேலை பெரும்பாலும் சிறுவர் தலையில் விழுந்தது. 'படிப்பு ஏறவில்லை' என்பது அதற்குப் போதுமான காரணமாகவும் கொள்ளப்பட்டது. நெசவு தாழ்ந்த தொழிலன்று. ஏன் ஏறவில்லை என்று ஒருமுறையேனும் ஆராயாமல் ஒரு பிள்ளையின் வாழ்வைத் தீர்மானித்ததே பிழை.

சட்டம் தரும் பிடி

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஏற்கும் 21 வகைகளுள் ஆட்டிசமும், டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அடங்குவதோடு, பின்னதை விரைந்து கண்டறிவது பள்ளியின் கடமை என்றும் அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு வகுக்கிறது. ஏ.டி.எச்.டி. அப்பட்டியலில் தனியே இடம்பெறாதது பெருங்குறையே. எனினும் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைக்கும் காவலாகும்.

ஆகவே பெற்றோர் வாய்மொழியாக மன்றாடுவதை விட, மதிப்பீடு கோரித் தலைமையாசிரியருக்குத் தேதியிட்ட கடிதம் கொடுத்து ஒப்புகை பெறுவது நல்லது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தையும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தையும் மதிப்பீட்டுக்கு அணுகலாம். செல்லும்போது இரண்டு வாரக் குறிப்பேடு ஒன்று கையில் இருப்பது மருத்துவருக்குப் பேருதவி: எந்தப் பாடவேளையில் தொல்லை எழுந்தது, அதற்குச் சற்றுமுன் குழந்தையிடம் என்ன செய்யச் சொல்லப்பட்டது, எந்த வேளைகளில் அது அமைதியாக இருந்தது.