கம்பம் டூ கப்பல்: மாதக்கணக்கில் க்ரூஸ் போக ஆசையா? பணம் கட்டுவதற்கு முன்னாடி இதைப் படிங்க!

தேனி மாவட்டத்தில் எந்த ஊரில் நின்று பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவது மலைதான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்து அரை நாள் போக வேண்டும். ஆனால் போனைத் திறந்தால் கதை வேற. ‘100 நாளில் உலகைச் சுற்றலாம்’ என்ற க்ரூஸ் விளம்பரம் கம்பத்துக்கும் வருகிறது, போடிக்கும் வருகிறது. ரிட்டயர் ஆகப் போகும் அப்பா, அம்மாவை ஒருமுறை அனுப்பி வைக்கலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், வேலையில் நீண்ட பிரேக் எடுத்துத் தானே போகலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

நீண்ட க்ரூஸுக்கு ஒரு நபருக்கே பத்து லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். இவ்வளவு கட்டிய பிறகும், ஏதாவது ஒரு நாட்டின் விசா இல்லையென்றால் துறைமுக வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பணமும் பெரும்பாலும் திரும்ப வராது. இந்தச் சிக்கலைத் தவிர்க்க ஒரு வரிசை இருக்கிறது: முதலில் ரூட், அடுத்து விசா, பிறகு கம்பெனி, கடைசியாகத்தான் அறை. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

முதலில் ஒரு டிரையல்

நம் தாத்தா காலத்தில் கப்பல் ஏறுவது என்றால் பிழைப்புக்காக. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ‘ரஜூலா’ ஓடியது. அதற்குப் பிறகு ‘எம்.வி. சிதம்பரம்’ வந்தது. 1985-ல் அதில் நடந்த தீ விபத்தோடு அந்தக் கதையும் முடிந்தது. இன்றைய க்ரூஸில் கப்பலே ஊர். சாப்பாடு, தூக்கம், சினிமா எல்லாம் அதிலேயே. நடுவில் தொடர்ந்து நான்கைந்து நாள் கரையே தெரியாத ‘ஸீ டே’க்களும் வரும்.

கப்பல் ஆட்டம் நம் உடம்புக்கு ஒத்துவருமா என்பது ஏறிப் பார்த்தால்தான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளப் பத்து லட்சம் செலவழிக்கத் தேவையில்லை. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலுடன் மறுபடி ஆரம்பமானது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், அதனால் தேதியைப் பார்த்துக் கிளம்புங்கள்.

இன்னொரு வழி, சில இரவுகள் மட்டும் போகும் சின்ன க்ரூஸ். கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து முதல்முறையாகக் கிளம்பியது. 2023 ஜூனில் இலங்கைக்கும் போனது. தேனிக்காரர்களுக்குச் சென்னையை விடப் பக்கத்தில் இருப்பது கொச்சி. குமுளி ஏறி, கோட்டயம் வழியாகப் போய்விடலாம். அங்கே ‘சாகரிகா’ என்ற க்ரூஸ் டெர்மினல் 2021-ல் திறக்கப்பட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும், மலைப்பாதையிலும் மண்சரிவு பயம் உண்டு. எந்தத் துறைமுகமாக இருந்தாலும் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

ரூட் மேப்பை விசா கண்ணோடு பாருங்கள்

அமெரிக்க, ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வீடியோவில் ‘பை எடுத்தோம், கிளம்பினோம்’ என்பார்கள். அவர்களுக்குப் பாதி நாடுகளில் விசாவே வேண்டாம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அப்படியில்லை. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு, கப்பல் பார்சிலோனா, ஜெனோவா போய்விட்டு, இஸ்தான்புல் தொட்டு, ஏதென்ஸுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பெயினும் இத்தாலியும் ஷெங்கன் நாடுகள், துருக்கி இல்லை, கிரீஸ் மறுபடி ஷெங்கன். ஒருமுறை மட்டும் நுழையும் விசா எடுத்திருந்தால் ஏதென்ஸில் மாட்டிக்கொள்வீர்கள். ‘மல்டிபிள் என்ட்ரி’ விசாதான் வேண்டும். 180 நாளுக்குள் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் பகுதியில் இருக்க முடியாது என்ற கணக்கும் இருக்கிறது.

‘நாங்க கப்பலை விட்டு இறங்கவே மாட்டோம்’ என்று சொன்னாலும், பல இடங்களில் விசா இருந்தால்தான் கப்பலில் ஏற்றுவார்கள்.

இங்கே ஒரு நேரச் சிக்கலும் வருகிறது. நீண்ட க்ரூஸை ஒரு வருடம் முன்னதாகவே புக் செய்யச் சொல்வார்கள். ஆனால் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகத்தான் விண்ணப்பிக்க முடியும். அதனால் முன்பணம் கட்டும்போதே ‘விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும், எந்தத் தேதி வரை வரும்?’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பாஸ்போர்ட் விஷயத்தில் தேனி மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. புதுப்பிக்கும்போது 36 பக்கத்துக்குப் பதில் 60 பக்க பாஸ்போர்ட் கேளுங்கள். பயணம் முடிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். விசாவுக்குக் கைரேகை கொடுக்கச் சென்னை போக வேண்டியிருக்கும். போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு 2023 ஜூன் முதல் ரயில் இருப்பது இதற்குக் கைகொடுக்கும்.

ஏலத் தோட்டம் இருக்கு, ஐ.டி.ஆர். இல்லையே!

நம் பகுதிக் குடும்பங்கள் பல திணறும் இடம் இது. சம்பளக்காரர் என்றால் பே ஸ்லிப், ஐ.டி.ஆர்., லீவ் லெட்டர் போதும். திராட்சை, வாழை, ஏலக்காய் என்று விவசாயம் பார்ப்பவர்களின் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் பலர் கணக்கே தாக்கல் செய்திருக்க மாட்டார்கள். பணம் இருக்கும், அதைக் காட்டும் தாள் இருக்காது.

வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும் விவசாய வருமானத்தைக் காட்டி ஐ.டி.ஆர். தாக்கல் செய்யலாம். கிளம்புவதற்கு இரண்டு வருடம் முன்பே இதைத் தொடங்குவது நல்லது. பட்டா, சிட்டா, அடங்கல், ஏல மையம் அல்லது வியாபாரி கொடுத்த பில் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். விற்ற பணம் ரொக்கமாக இல்லாமல் வங்கிக் கணக்கு வழியாக வந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் சொந்தக்காரரிடம் வாங்கி மொத்தமாகப் போட்ட லட்சங்கள் உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். பிள்ளைகள் செலவு செய்கிறார்கள் என்றால் அதற்கான கடிதமும் அவர்களுடைய வருமானச் சான்றும் சேர வேண்டும்.

கப்பல் நிஜமாகவே இருக்கிறதா?

சிரிக்க வேண்டாம், இது நியாயமான கேள்வி. ‘லைஃப் அட் ஸீ’ என்ற பெயரில் மூன்று வருட உலகப் பயணம் 2023-ல் அறிவிக்கப்பட்டது. வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பக் காத்திருந்தவர்களும் உண்டு. அந்த நவம்பரில் பயணமே ரத்தானது. காரணம், போகவேண்டிய கப்பலை அவர்களால் வாங்க முடியவில்லை. ‘வில்லா வீ ஒடிஸி’ என்ற இன்னொரு கப்பல் 2024 மே மாதம் கிளம்ப வேண்டியது, பழுது வேலையால் பெல்ஃபாஸ்ட் நகரில் நான்கு மாதம் நின்றது. மறுபக்கம், ராயல் கரீபியனின் ‘செரனேட் ஆஃப் தி ஸீஸ்’ 274 இரவுப் பயணத்தை 2024 செப்டம்பரில் முடித்தும் காட்டியது.

ஆகவே கப்பலின் பெயரைக் கேளுங்கள். இப்போது அது எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது, இதே ரூட்டில் முன்பு போயிருக்கிறதா என்று தேடுங்கள்.

ரூட்டை மாற்றும் உரிமை கம்பெனிக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் இருக்கும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன க்ரூஸ் கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல் அது திரும்ப வேண்டியதாயிற்று. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் பல கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றின. அப்படி மாறினால் உங்களுக்குத் தென்னாப்பிரிக்க விசா திடீரென்று தேவைப்படலாம். ‘ரூட் மாறினால் புது விசாவுக்கு யார் பொறுப்பு?’ என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அறையும் மறைந்திருக்கும் செலவும்

ஜன்னல் இல்லாத உள் அறைதான் விலை குறைவு. நான்கு நாளுக்குச் சரி, நூறு நாளுக்குப் பகலா இரவா என்றே தெரியாமல் இருக்க முடியுமா என்று யோசியுங்கள். தலைசுற்றல் வருபவர்கள் பால்கனி ஆசையை விட்டு, கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதி அறையை எடுக்கலாம். ஆட்டம் அங்கேதான் குறைவு. தனியாகப் போகிறவர்களிடம் பல கம்பெனிகள் இரண்டு பேருக்கான கட்டணத்தையே வாங்கும்.

டிக்கெட் விலையோடு செலவு முடியாது. ஊழியர்களுக்கான டிப்ஸ் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 15 முதல் 20 டாலர் வரை பல கப்பல்களில் கணக்கில் ஏறும். 16 டாலர் என்றே வைத்தாலும் இருவருக்கு 100 நாளில் 3,200 டாலர். இன்டர்நெட், கரைச் சுற்றுலா, விசா கட்டணங்கள் எல்லாம் தனி. இந்திய ஏஜென்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம், அதற்கும் ஐ.டி.ஆர். வேண்டும்.

உடம்பு, மருந்து, ஊசி

கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் ஃபீஸ் டாலரில். ஊரில் எடுத்த ஹெல்த் பாலிசி பொதுவாக அங்கே செல்லாது. கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு, ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பி.பி. இரண்டையும் ஏற்கும் பயண இன்ஷூரன்ஸ் வேண்டும். பாலிசி எத்தனை நாள் வரை என்பதையும் பாருங்கள். ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம்.

மாத்திரைகளை முழுப் பயணத்துக்கும் கூடுதலாக இரண்டு வாரத்துக்கும் வாங்கி, மருந்துச் சீட்டுடன் கைப்பையிலேயே வையுங்கள். மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளைக் கப்பல் தொட்டால் தடுப்பூசிச் சான்று தேவை. சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்தலாம். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அதில் ஒன்று. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். 60 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

பெட்டிக்குள் கசகசா வேண்டாம்!

அம்மா அரைத்துக் கொடுக்கும் குழம்புப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது தடை செய்யப்பட்ட பொருள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் விதை, பழம், ஊறுகாயை அறிவிக்காமல் கரைக்குக் கொண்டுபோனால் அபராதம். ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் தீ பயத்தால் பெரும்பாலான கப்பல்களில் அனுமதியில்லை. சைவம் வேண்டும் என்பதைப் புக் செய்யும்போதே சொல்லிவிட்டால் சமையலறையில் ஏற்பாடு செய்வார்கள்.

கரையில் இறங்கினால் கடிகாரத்தில் ஒரு கண் இருக்கட்டும். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தீவான சாவோ டோமேயில் தனியார் டூரில் போய்த் தாமதமாகத் திரும்பிய எட்டுப் பேரை விட்டுவிட்டு ‘நார்வீஜியன் டான்’ கப்பல் கிளம்பிவிட்டது. பல நாடுகள் சுற்றி, செனகலில்தான் அவர்களால் மறுபடி கப்பலைப் பிடிக்க முடிந்தது. வழியில் விசா தேவைப்படும் இந்திய பாஸ்போர்ட்காரருக்கு இது இன்னும் கஷ்டம்.

கிளம்பும் முன் ஊர் வேலை

கடலில் போன் தானாகக் கப்பலின் நெட்வொர்க்கைப் பிடித்தால் பில் எகிறும். ஏர்பிளேன் மோடில் போட்டு வைஃபை மட்டும் பயன்படுத்துங்கள். அப்புறம் வங்கி ஓ.டி.பி. எப்படி வரும்? இ.எம்.ஐ., இன்ஷூரன்ஸ் பிரீமியம், கரன்ட் பில் எல்லாவற்றையும் தானாகப் பிடிக்கும்படி மாற்றிவிட்டுப் போங்கள். பென்ஷன் வாங்குபவர்கள் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டிய மாதம் பயணத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு அது நவம்பர்.

சுருக்கமாக, காலண்டர் இதுதான்

• இரண்டு வருடம் முன்பு: ஐ.டி.ஆர்., வங்கிக் கணக்கு, ஒரு சின்னக் கப்பல் பயணம்.
• ஒரு வருடம் முன்பு: பாஸ்போர்ட், ரூட் தேர்வு, ரீஃபண்ட் நிபந்தனையுடன் முன்பணம்.
• ஆறு மாதம் முன்பு: விசாக்கள், இன்ஷூரன்ஸ்.
• இரண்டு மாதம் முன்பு: டாக்டர், தடுப்பூசி, மருந்து.

முதல் இரண்டு வரியிலேயே தடுமாற்றம் என்றால், நூறு நாள் பயணத்தை இந்த வருடம் தள்ளி வைப்பதில் தப்பில்லை. அதே உலகப் பயணக் கப்பல்களில் ஒரு பகுதியை மட்டும், இரண்டு மூன்று வாரத்துக்கு, வாங்கும் வசதி பலவற்றில் இருக்கிறது. லீவும் கிடைக்கும், விசாவும் ஒன்றிரண்டோடு முடியும். அப்பா, அம்மாவை முதல்முறை அனுப்ப அந்த அளவு போதும்.