செஞ்சியாறு கடலைத் தொடும் இடத்தில் ஒரு படகுப் பயணம்

செஞ்சியில் படகு ஏது என்று கேட்பீர்கள். இங்கே இல்லைதான். ஆனால் நம் மலைப்பக்கம் பிறக்கும் சங்கராபரணி, அதாவது செஞ்சியாறு, கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே இந்த ஆறு அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று இரண்டாகப் பிரிகிறது. சுண்ணாம்பாற்றங்கரையில் உள்ள நோணாங்குப்பம் படகு குழாமிலிருந்து பாரடைஸ் பீச்சுக்குப் படகு விடுகிறார்கள். நடத்துவது புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகம்.

போய் இறங்கும் இடம் தீவா? பலரும் தீவு என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் அது ஒருபுறம் கடலும் மறுபுறம் ஆறுமாக நீண்டு கிடக்கும் மணல்திட்டு. என்னைக் கேட்டால் மணலைவிட வழிதான் அழகு. அலையாத்திச் செடிகளை (உப்புநீரில் வளரும் மரவகை) ஒட்டிப் படகு மெல்லப் போகும்.

எப்படிப் போவது? திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போய், கடலூர் செல்லும் பேருந்தில் ஏறி நோணாங்குப்பத்தில் இறங்குங்கள். நகரிலிருந்து சுமார் 8 கி.மீ.

எப்போது போகலாம்? ஞாயிறும் விடுமுறை நாளும் வேண்டாம். பாதிப் பொழுது வரிசையிலேயே கழிந்துவிடும். டிக்கெட் வாங்கும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: கட்டணம் போக வரச் சேர்த்தா? திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு? இரண்டாவதுதான் முக்கியம். அதைத் தவறவிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பீர்கள். வெயில் கடுமையாக இருக்கும். தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

மழைக்காலத்தில்? கிளம்பும் முன் விசாரியுங்கள். புதுச்சேரியில் வானம் வெளுத்திருந்தாலும், செஞ்சி, மயிலம் பக்கம் பெய்த மழை வீடூர் அணையை நிரப்பி ஆற்றோடு கீழே வரும். 32 அடி அணை நிரம்பினால் உபரிநீரைத் திறந்துவிடுவார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததை அடுத்து இந்த ஆறு எப்படிப் பெருகியது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாளில் படகை நம்பிக் கிளம்பக் கூடாது.

கடலில் குளிக்கலாமா? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். முகத்துவாரம் (ஆறு கடலில் சேரும் வாய்) அருகில் இருப்பதால் அடியில் இழுப்பு உண்டு. மேலே அலை அமைதியாகத் தெரியும். முழங்கால் நீரிலேயே காலடி மணல் நழுவும். ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவருக்கும் இது புதிது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படகில் தரும் உயிர்காப்பு அங்கியையும், புழுக்கமாக இருக்கிறதென்று நடுவழியில் கழற்றாதீர்கள்.